ஓரகத்திக்கு வந்தது, எனக்கு வந்தது

என் ஓரகத்தியைக் கண்டா எனக்கு ஆகாது. சுத்தி வளைச்சுச் சொல்லி எனக்குப் பழக்கமில்ல. என் கொழுந்தனுக்கு வாக்கப்பட்டு அவ எங்க வீட்டுக்குள்ள காலெடுத்து வச்ச அன்னிக்கே ஆகல. நான் மூத்த மருமக, அவ சின்ன மருமக. நானும் பத்தாவது, அவளும் பத்தாவது. ஆனா அவளுக்கு வாய்ச்சது மெட்ராஸ். பெரம்பூர்ல மாடி வீடு, கேஸ் அடுப்பு, கொழுந்தனோட ரயில்வே உத்தியோகம். எனக்கு வாய்ச்சது மரக்காணத்து உப்பளம்.

உப்பளம்னா சும்மா இல்ல. தை மாசம் பாத்தி கட்ட இறங்கினா புரட்டாசி கடைசி வரைக்கும் உப்புத் தண்ணியிலதான் நின்னுக்கினு இருக்கணும். குத்தகைக்கு எடுத்த பாத்திங்க. ஆள் வச்சா கட்டுப்படி ஆகாதுன்னு நானும் எங்க வீட்டுக்காரருமே உப்பு வாருவோம், கூடையில தூக்கிப் போய் வரப்பு மேல கொட்டுவோம். கால் விரல் இடுக்கெல்லாம் புண்ணு. அந்தக் காலை வச்சுக்கினு, பொங்கலுக்கு வர்ற ஓரகத்தியோட காலைப் பார்ப்பேன். குதிகால்ல ஒரு வெடிப்பு இருக்காது. உப்பு வெளிச்சம் கண்ணு கூசுதுன்னு அவ சொன்னா போதும், எங்க மாமியா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தும். "பாவம், பழக்கமில்லாத பொண்ணு"ன்னு வேற சொல்லும். நான் மட்டும் என்ன, உப்புலயா பொறந்தேன்? பிரம்மதேசத்துல நெல்லும் வேர்க்கடலையும் வெளையற வீட்டுப் பொண்ணு நான். வந்த புதுசுல எனக்கும்தான் கண்ணு கூசுச்சு. எனக்காக யாரும் எந்த ஜன்னலையும் சாத்தல.

அவகிட்ட ஏதாவது தப்பு இருந்தா திட்டித் தீத்திருக்கலாம். அதுவும் கிடையாது. வரும்போதெல்லாம் எனக்குப் புடவை எடுத்துக்கினு வருவா. "அக்கா, இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும்"னு சொல்லுவா. எடுப்பாத்தான் இருக்கும். அதைக் கட்டிக்கினு கண்ணாடியில பார்க்கும்போது இன்னும் பத்திக்கினு வரும்.

சுனாமியில எங்க பாத்தி முழுக்க சேறு ரொம்பிக் கெடந்துது. சேத்தை வாரிப் போட்டு, வரப்பை எடுத்துக் கட்டி, மறுபடி உப்பு உக்கார்றதுக்குள்ள மாசி ஆயிடுச்சு. அந்த மாசியிலதான் கொழுந்தன்கிட்ட இருந்து போன். அவளுக்கு இடது மார்புல ஒரு கட்டி இருந்துதாம், சதை எடுத்து டெஸ்ட் பண்ணாங்களாம், கான்சர்னு வந்துடுச்சாம். எங்க வீட்டுக்காரர் போனை வச்சுட்டு அப்படியே நின்னுட்டார். எவ்வளவு ஆகாதவளா இருந்தாலும் அந்த வார்த்தையைக் கேட்டா மனசு கலங்கத்தான் செய்யும்.

ஆனா அந்தக் கலக்கம் ரொம்ப நேரம் நிக்கல. சாயந்தரத்துக்குள்ள மாமியா பையை எடுத்து வச்சு, புடவையை மடிச்சு வச்சு, மெட்ராஸ் பஸ்ஸுக்குக் கெளம்பிடுச்சு. சின்ன மருமக தேறி எழுந்திருக்கிற வரைக்கும் அங்கயேதான் இருப்பேன்னு சொல்லுச்சு. எனக்கு மூணாவது புள்ள பொறந்தப்ப, மூட்டு வலின்னு சொல்லி ஒரு வேளை வெந்நீர் வச்சுக் குடுக்காத மாமியா அது. பஸ் ஏத்தி விட்டுட்டுத் திரும்பி நடந்து வரும்போது எனக்கு வயிறு எரிஞ்சுது. சீக்குக்காரியைப் பார்த்து வயிறு எரியறவ உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

உப்பளத்துல எங்க பொம்பளைங்களுக்கு இந்தச் சேதி தெரிஞ்சதும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. கடைசியில எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தாங்க. அது பட்டணத்துக்காரிங்களுக்கு வர்ற வியாதி. லேட்டா கட்டிக்கிறாங்க, ஒண்ணு பெத்து நிறுத்திக்கிறாங்க, புட்டிப் பால் குடுக்கிறாங்க, ஃபிரிட்ஜ் தண்ணி குடிக்கிறாங்க, வெயில்ல இறங்கறதில்ல. நம்மளுக்கெல்லாம் வராது. மூணு நாலு பெத்து, ரெண்டு வருஷம் பால் குடுத்து, இந்த வெயில்ல வேகற உடம்புல அது எங்க வந்து உக்காரும்? நானும் தலையை ஆட்டினேன். முதல் தடவையா அவளை விட என்கிட்ட ஒண்ணு ஒசத்தியா இருக்குதுன்னு தோணுச்சு.

கூடையில நெத்திலிக் கருவாடும் முருங்கைக்காயும் போட்டுக்கினு மாசத்துக்கு ரெண்டு தரமாவது மெட்ராஸ் போய்ப் பார்த்துட்டு வருவேன். போகலன்னா ஊர் பேசும். அங்க போனா பார்க்கிறதெல்லாம் என்னைக் குத்தும். ஆபரேஷன் ஆயிடுச்சு, கீமோ ஓடிக்கினு இருக்குது. கொழுந்தன் ஆபீஸ் போறதுக்கு முன்னாடி அவளுக்குக் கஞ்சி ஆத்திக் குடுக்கிறார். அவ வாந்தி எடுத்தா கையில ஏந்தறார். மாமியா கால் பிடிச்சு விடுது. கட்டில் பக்கத்துல ஆப்பிளும் சாத்துக்குடியும் குமிஞ்சு கெடக்குது. பார்க்க வர்றவங்க வாசல்ல செருப்பு விட இடமில்ல. முடி கொட்டிப் போச்சுன்னு கொழுந்தன் கலர் கலரா ஸ்கார்ஃப் வாங்கி வச்சிருந்தார், போட்டிருக்கிற நைட்டிக்கு மேட்ச்சா. இப்படிப் பார்த்துப் பார்த்து வாங்கித் தர்றதா இருந்தா நான் கூட மொட்டை அடிச்சுக்குவேனேன்னு நெனைச்சேன். எங்க வீட்டுக்காரருக்கு நான் என்ன கலர் புடவை கட்டியிருக்கேன்னு கேட்டா, கட்டியிருக்கியான்னுதான் திரும்பிப் பார்ப்பார்.

அவளோ, என் கையில ஆப்பிளை வச்சு, "நீங்க சாப்பிடுங்கக்கா, வெயில்ல வந்திருக்கீங்க"ன்னு சொல்லுவா. அந்த நல்ல குணத்தை எங்க கொண்டு போய் வைக்கிறதுன்னு தெரியாம நான் ஆப்பிளைக் கடிப்பேன்.

இந்த நேரத்துல எனக்கு உடம்புல ஒண்ணு நடந்துக்கினு இருந்துது. மாசாமாசம் வர்றது நின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆயிருந்துது. பங்குனியில இருந்து மறுபடி லேசா பட ஆரம்பிச்சுது. ஒரு நாள் படும், பத்து நாள் இருக்காது, திரும்பப் படும். இடுப்பு வலி. ஒரு கெட்ட வாடை. பக்கத்துப் பாத்திக்காரிகிட்ட காதோட காதா சொன்னேன். அவ அசரவே இல்ல. சூடுன்னு சொன்னா.

உப்பளத்துப் பொம்பளைங்க எல்லாருக்கும் சூடு உண்டு. மேல வெயில், கீழ உப்புத் தண்ணி, நடுவுல நாங்க. வெள்ளை படறது, நீர்க்கடுப்பு, இடுப்பு விட்டுப் போறது, எல்லாத்துக்கும் பேரு சூடுதான். வெந்தயம் ஊற வச்சு முழுங்கு, மோர் குடி, வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் வச்சுத் தலை முழுகு. மீதியை மழை பார்த்துக்கும். ஐப்பசியில மழை பிடிச்சா பாத்தியை விட்டு ஏறிடுவோம், ரெண்டு மூணு மாசம் காலு காயும், உடம்பு குளுந்துடும், சூடு தானா அடங்கிடும். வருஷா வருஷம் இப்படித்தான் அடங்கியிருக்குது. வேர்க்குதுன்னு யாராச்சும் டாக்டர்கிட்ட போவாங்களா? அந்த மாதிரிதான் எங்களுக்கு இதுவும். நானும் வெந்தயத்தை முழுங்கிட்டு, பழைய புடவையைக் கிழிச்சு வச்சுக்கினு, ஐப்பசிக்காகக் காத்துக்கினு இருந்தேன்.

ஆவணி மாசம் ஒரு தரம் மெட்ராஸ் போயிருந்தப்ப, தோள்ல பை மாட்டிக்கினு காட்டன் புடவையில ஒரு பொம்பளை வந்தாங்க. என் வயசுதான் இருக்கும். என் ஓரகத்தியை ஆஸ்பத்திரியில ஏற்கெனவே பார்த்துப் பேசியிருக்காங்க போல, "தலை சுத்தல் குறைஞ்சுதாம்மா?"ன்னு கேட்டுக்கினே உக்காந்தாங்க. இந்த சிட்டியில யார் யாருக்குக் கான்சர் வருது, எந்த வயசுல வருது, உடம்புல எங்க வருதுன்னு வருஷக்கணக்கா கணக்கெடுக்கிற எடத்துல அவங்களுக்கு வேலை. ஒவ்வொரு ஆஸ்பத்திரியா போய்க் கேப்பாங்களாம், கேள்வி பாக்கி இருந்தா வீட்டுக்கே வருவாங்களாம்.

நான் தரையில உக்காந்து பூண்டு உரிச்சுக்கினு இருந்தேன். அவங்க கேக்க ஆரம்பிச்சாங்க. மெட்ராஸ்ல எத்தனை வருஷமா இருக்கீங்க, வயசுக்கு வந்தது எப்போ, கல்யாணம் எப்போ, முதல் புள்ள எந்த வயசுல, எத்தனை மாசம் தாய்ப்பால் குடுத்தீங்க, வெத்தலை பாக்கு போடற பழக்கம் உண்டா. ஒவ்வொண்ணுக்கும் என் ஓரகத்தி கண்ணை மூடி யோசிச்சு யோசிச்சுப் பதில் சொன்னா. அவ யோசிக்கிற வரைக்கும் அந்தம்மா அவ முகத்தையே பார்த்துக்கினு பொறுமையா காத்திருந்தாங்க.

அந்தக் காத்திருக்கிறதுதான் எனக்குத் தாங்கல. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து, நீ எந்த வயசுல பெரிய மனுஷி ஆனேன்னு கேட்டுட்டு என் பதிலுக்காக ஒருத்தர் உக்காந்திருந்தது கிடையாது. ஒவ்வொரு கேள்விக்கும் நான் மனசுக்குள்ள பதில் சொல்லிக்கினே வந்தேன். புள்ளைங்களா, அவளுக்கு ஒண்ணு, எனக்கு மூணு. பாலா, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வருஷம். என் பதிலெல்லாம் அவ பதிலை விட நல்லா இருந்துது. கேக்கத்தான் ஆள் இல்ல.

பொறுக்க மாட்டாம, இதெல்லாம் கேட்டு என்னங்க பண்ணுவீங்கன்னு கேட்டேன். அந்தம்மா கோவிச்சுக்கல, என் பக்கம் திரும்பிச் சொன்னாங்க. முன்னெல்லாம் இந்த சிட்டியில பொம்பளைங்களுக்குக் கர்ப்பப்பை வாயில வர்றதுதான் ஜாஸ்தியா இருந்துதாம். அது வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கினே வருதாம். மார்புல வர்றது ஏறிக்கினே வருதாம். ஏன்னு கேட்டேன். லேட்டா கல்யாணம், லேட்டா புள்ள, பால் குடுக்கிறது கொறைஞ்சது, சாப்பாடு மாறினது, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சேருது, இதுதான்னு ஒண்ணை மட்டும் கை காட்ட முடியாதுன்னாங்க. இதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு திருப்தி. எங்க உப்பளத்துப் பொம்பளைங்க சொன்னதுதானே? அப்ப எங்க ஊருப் பக்கம் எப்படின்னு கேட்டேன்.

"எங்க கணக்கு சிட்டிக்குள்ள இருக்கிறவங்களுக்கு மட்டும்தாம்மா. மரக்காணம் அதுல வராது"ன்னு சொல்லிட்டு அவ பக்கம் திரும்பிட்டாங்க.

சுருக்குன்னு இருந்துது. எண்ணி வைக்கிறதுக்குக் கூட பட்டணத்துக்காரியா இருக்கணுமா? அந்தம்மா அடுத்த கேள்வி கேட்டாங்க. மாதவிலக்கு நின்னுடுச்சா? கீமோவுல நின்னுடுச்சுன்னு அவ சொன்னா. நின்னதுக்கப்புறம் எப்பவாச்சும் ரத்தம் பட்டுச்சா? இல்லைங்கன்னு சொன்னா.

"எனக்குப் படுது"ன்னு சொன்னேன். "என்னையும் கேளுங்க."

நான் பயந்து போய்ச் சொல்லல. புத்தி வந்தும் சொல்லல. அவகிட்ட இல்லாத ஒண்ணு என்கிட்ட இருக்குது, அதை அந்தம்மா கேக்கணும், கேட்டுட்டுக் காத்திருக்கணும். அதுக்குத்தான் சொன்னேன். வேற எந்தப் புண்ணியமும் அதுல கிடையாது.

அந்தம்மா பேனாவை மூடி வச்சுட்டாங்க. எத்தனை நாளான்னு கேட்டாங்க. பங்குனியில இருந்துன்னு சொன்னேன். சொல்லிட்டு, நாம ஏதோ அதிகமா பேசிட்டோம்னு கூச்சமாயிடுச்சு. அது ஒண்ணுமில்லைங்க, உப்பளத்து சூடு, ஐப்பசி மழை வந்தா அடங்கிடும்னு விளக்கினேன். அவங்க முழுசா கேட்டாங்க, நடுவுல ஒரு வார்த்தை பேசல. அப்புறம்தான் சொன்னாங்க: "நின்னதுக்கப்புறம் படறது சூடு இல்லம்மா. மழைக்குக் காத்திருக்காதீங்க. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

நாளைக்கு உப்பு வாரணும், இன்னிக்கு சாயந்தரமே பஸ்ஸைப் பிடிக்கணும்னு நான் எழுந்தேன். கட்டில்ல படுத்துக் கெடந்தவ எழுந்து உக்காந்தா. "அக்கா எங்கயும் போகல. நாளைக்கு நான் கூட்டிக்கினு போறேன்"னு சொன்னா. கீமோ போட்டு நிக்கவே தெம்பில்லாதவ, மறுநாள் ஆட்டோவுல என் பக்கத்துல உக்காந்து வந்தா. ஆஸ்பத்திரியில எந்த ஜன்னல்ல சீட்டு போடணும், எந்த நர்ஸம்மா நல்லா பேசுவாங்க, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. உள்ள டாக்டரம்மா பரிசோதிச்சப்ப வலியில நான் பிடிச்சிருந்தது அவ கையைத்தான்.

எனக்கு வந்திருந்தது கர்ப்பப்பை வாயில. பட்டணத்துல இறங்கிக்கினே போற அந்த வியாதி எனக்கு வந்திருக்குது. ரொம்ப முத்திடல, ஆனா இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தா பேச்சே வேறன்னு டாக்டரம்மா சொன்னாங்க. வராண்டா பெஞ்சில உக்காந்து ஓன்னு அழுதேன். என் மூணு புள்ளைங்க முகமும் வந்து வந்து போச்சு.

கரண்ட் வைக்கணும், அதான் ரேடியேஷன்னாங்க, ரெண்டு மாசத்துக்குப் பெரம்பூர் வீட்டுலயே தங்கினேன். ஒரே ரூம்ல அவ ஒரு கட்டில், நான் ஒரு கட்டில். அங்கயும் என் புத்தி எங்க போகும்? அவளைப் பார்க்க வர்றவங்க ஆப்பிளோட வந்து, எப்படிம்மா இருக்குன்னு சத்தமா கேப்பாங்க. என்னைப் பார்த்ததும் குரல் இறங்கிடும். மாமியா ஊர்ல சொல்லி வச்சது வயித்துல கட்டின்னு. உள்ளதைச் சொன்னா, நடத்தை சரியில்லாதவளுக்கு வர்ற சீக்குன்னு பேசுவாங்களாம். சொல்லாமலே அப்படித்தான் பேசினாங்கன்னு அப்புறம் கேள்விப்பட்டேன். அவ வியாதிக்கு ஆப்பிள், என் வியாதிக்குக் குசுகுசு. சீக்குலயும் அவளுக்குத்தான் நல்லது வாய்ச்சிருக்குதுன்னு நெனைச்சேன், நெனைச்சதை அவகிட்டயே சொல்லிட்டேன். அவ சிரிச்சா. "வேணும்னா மாத்திக்கலாமாக்கா?"ன்னு கேட்டா.

எங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை வருவார். கட்டில் கிட்ட வர மாட்டார், கதவோரமா நின்னுக்கினு உப்பு என்ன விலைக்குப் போச்சுன்னு சொல்லுவார். ஒரு வாரம் எனக்கும் ஆப்பிள் வாங்கிக்கினு வந்தார், அடிபட்டுக் கன்னிப் போன ஆப்பிள். யாருக்கும் தரல, நான் ஒருத்தியே தின்னேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. கரண்ட் வச்சு முடிச்சு நான் ஊருக்குத் திரும்பினப்ப பாத்தியெல்லாம் ஏரி மாதிரி கெடந்துது. பக்கத்துப் பாத்திக்காரியை வீட்டுக்குக் கூப்பிட்டு, சூடு சூடுன்னு எவளுக்காச்சும் சொன்னே, வாயைக் கிழிச்சுடுவேன்னு சொல்லி வச்சேன். அவ பயந்து போய், தானே பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்ட் பண்ணிக்கினு வந்தா.

மறு வருஷம் வைகாசியில நான் செக்கப்புக்குப் போனேன். சுத்தமா இருக்குதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. வெயில்ல நிக்கலாம், வேலை செய்யலாம், மூணு மாசத்துக்கு ஒரு தரம் வந்து காட்டினா போதும். சந்தோஷத்துல எனக்குக் கால் தரையில நிக்கல. நேரா பெரம்பூர் போனேன். அவளுக்குத்தான் முதல்ல சொல்லணும்னு தோணுச்சு, அது எனக்கே ஆச்சரியம்.

வீட்டுல கொழுந்தன் கதவைத் திறந்தார், முகமே சரியில்ல. ரெண்டு மாசமா அவளுக்கு இடுப்பு வலி இருந்துது, சுளுக்குன்னு நெனைச்சோம். ஸ்கேன் எடுத்ததுல எலும்புக்குப் பரவிடுச்சுன்னு வந்திருக்குது. இனிமே வலிக்குத்தான் மருந்து. இதை அவர் சமையல்கட்டுல வச்சு எனக்குச் சொன்னார்.

நான் ரூமுக்குள்ள போனேன். என் ரிசல்ட்டைப் பத்தி வாயைத் திறக்கல. அவளே கேட்டா. நல்லா இருக்குதுன்னு சொன்னேன், பொய் சொல்ல வரல.

"கொடுத்து வச்சவங்கக்கா நீங்க"ன்னு சொன்னா. "எனக்கு ஒண்ணுக்கு மேல தங்கல. உங்க மூணையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இப்ப உசுரும் உங்களுக்குத்தான்."

சொல்லிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினா.

என்னைப் பார்த்து ஒரு நாளாச்சும் அவ வயிறு எரியணும்னு நான் வேண்டாத சாமி இல்ல. எரிஞ்சிருக்குது, அத்தனை வருஷமும். அதைக் கேட்டு எனக்குக் குளுகுளுன்னு இருந்திருக்கணும். இல்ல. அவ முதுகைப் பார்த்துக்கினு உக்காந்திருந்தேன். தலையைத் தடவிக் குடுக்கலாமான்னு கை போச்சு, இழுத்துக்கினேன். அந்த நிலைமையில இருக்கிறவளுக்கு அடுத்தவ அன்பு எப்படிக் கசக்கும்னு என்னை விட யாருக்குத் தெரியும்? பாவம்னு ஒரு பார்வை பார்த்தாலே செத்துடலாம் போல இருக்கும்.

எழுந்து போய்ச் சமைச்சேன். சங்கரா மீன் கொழம்பு. மத்தியானம் சோத்துல ஊத்திப் பெசைஞ்சு எடுத்துக்கினு போனேன். கொழுந்தன் அவளைத் தூக்கித் தலையணையில சாய்ச்சு வச்சார். ஒரு வாய் வாங்கினா. எத்தனை வருஷமா என் கையால சாப்பிட்டிருக்கா, நல்லா இருக்குதுக்கான்றதைத் தவிர வேற ஒரு வார்த்தை அவ வாயில வந்ததில்ல.

"புளி தூக்கல்"னு சொன்னா.

கொழுந்தன் என்னைப் பார்த்தார், மன்னிச்சுக்குங்க அண்ணின்ற மாதிரி. நான் தட்டை நங்குன்னு ஸ்டூல் மேல வச்சேன்.

"உன் வீட்டுப் புளி, உன் வீட்டு மொளகாத்தூள். நல்ல புளி எதுன்னு பார்த்து வாங்கத் துப்பில்ல, என் கைக்குக் குத்தம் சொல்றியா?"ன்னு கேட்டேன்.

கொழுந்தனுக்கு முகம் வெளுத்துப் போச்சு. அவ என்னை நிமிர்ந்து பார்த்தா. புரிஞ்சுக்கினா.

"உங்க கொழம்பு என்னைக்குமே இப்படித்தான்"னு ஆரம்பிச்சா. கல்யாணமான வருஷத்துல நான் வச்ச நண்டுல இருந்து, அவ வளைகாப்புல நான் கிண்டின சாதம் வரைக்கும் ஒண்ணு விடல. நானும் விடல. அவ சுடற தோசையைச் சொன்னேன், சாம்பார்னு பேர் வச்ச தண்ணியைச் சொன்னேன். கொழுந்தன் நடுவுல வந்து ரெண்டு பேர் கையையும் பிடிச்சார். "நீங்க சும்மா இருங்க"ன்னு ரெண்டு பேரும் ஒண்ணா அவர் மேல பாய்ஞ்சோம். சத்தம் கேட்டுக் கீழ் வீட்டுக்காரங்க படியேறி வந்துட்டாங்க. சீக்குக்காரிகிட்ட போய் இப்படிக் கத்தறாளேன்னு என்னைத்தான் பார்த்தாங்க.

அவளுக்கு இன்னும் கொஞ்ச மாசம்தான்னு எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தலையணையை விட்டுத் தானா நிமிர்ந்து உக்காந்து, ஸ்டூல் மேல இருந்த தட்டை எட்டி எடுத்து மடியில வச்சுக்கினா. கடைசி வாய் வரைக்கும் என்னைத் திட்டிக்கினே சாப்பிட்டா.